சட்டம் குடிசைக்கு மட்டுந்தானா?

வன்னியிலே ஒரு கமக்காரன் தன் சொந்தக் காணியில் இரண்டு அறை கட்ட விரும்பினால் என்ன செய்யவேண்டும்? வரைபடம் கீறுவித்துப் பிரதேச சபைக்குக் கொடுக்கவேண்டும். எழுத்து மூலமான அனுமதி வரும்வரை காத்திருக்கவேண்டும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அவனை அவ்வாறு கட்டுப்படுத்துகின்றது. இதனை நாம் குறை கூறவில்லை. வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பது நியாயமே. ஆயின் அதே அளவுகோல் அரசாங்கத்தின் வீட்டுத் திட்டங்களுக்கும் உண்டா என்று கேட்கின்றோம்.

போரில் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் 2015ஆம் ஆண்டில் எழுந்தது. முதலில் அமைச்சு கேள்விப் பத்திரம் கோரியது; அந்த வீடு எமது மண்ணுக்கு ஏற்றதா என்ற விவாதமோ பின்னரே வந்தது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனப்பட்டது. இந்திய உதவித் திட்டத்திலோ குடும்பமொன்றுக்கு 5½ இலட்சம் ரூபா கொடுபட, மக்கள் தாமே கல்வீடு கட்டினர். அத்தொகை போதாமற் கடன்பட்டோரும் உளர். எனினும் வீடு அவர்களுடையது. வேலையும் கூலியும் ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கிடைத்தன. உருக்கு வீட்டிலோ அத்திவாரம் போதாது, காற்றோட்டம் குறைவு, விறகடுப்புக்கு இடமில்லை என்று அறிஞர் எடுத்துரைத்தனர். எதிர்ப்பு வலுத்தது; 65,000 உருக்கு வீடுகள் எழும்பவில்லை.

“வீடற்றவனுக்குச் சட்டம் எதற்கு?” என்று வினவுவோர் உளர். வீடற்றவனுக்கே சட்டம் மிக வேண்டும் என்பது எமது விடை. வசதி படைத்தவன் பிழையான வீட்டை இடித்துக் கட்டுவான்; ஏழை அதனுள்ளேயே ஆயுளைக் கழிப்பான். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். வற்றாத ஆறில்லாத அம்மண்ணில் சுண்ணக்கல்லில் தேங்கிய நிலத்தடி நீரே பெரும்பாலும் குடிநீர். வீடுகளை நெருக்கி, மலக்குழியைக் கிணற்றருகே அமைத்தால் அயலார் அனைவரும் நஞ்சையே அள்ளுவர். கொழும்பிற் கீறிய வரைபடத்துக்கு அக்கிணறு தெரியுமா?

சட்டமோ தெளிவானது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், 1982இல் திருத்தப்பட்டவாறு, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரமின்றி எவரும் அபிவிருத்தி வேலை செய்தலாகாது என்கின்றது. அரச நிறுவனங்களையும் அது வெளிப்படையாகவே சேர்த்துக் கூறுகின்றது. குடிசைக்காரனைத் தடுக்கும் சட்டம் அமைச்சரின் வாசலில் நின்றுவிடுவதற்கன்று!

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே: எந்த வீட்டுத் திட்டமாயினும், கேள்விப் பத்திரம் கோருமுன்னர் அதன் வரைபடம் தமிழில் ஊர்ச் சபையின் முன் வைக்கப்படவேண்டும். பொறியியலாளர் அத்திவாரத்தை ஆராயட்டும்; சட்டத்தரணிகள் அனுமதியைக் கேட்கட்டும்; கமக்காரர் தம் கிணற்றைக் காட்டட்டும். வீடு எமக்குப் பிச்சையன்று, உரிமை. உரிமையைப் பெறுபவன் அதன் அளவையும் கேட்டே பெறுவான்.