காரணைக்கு எப்போது ட்ரோன் வரும்?

தமிழ்நாட்டு வானத்துக்குத் திட்டங்கள் குவிகின்றன. ட்ரோனுக்கென்றே 2022இல் ஓர் அரசுக் கழகம் தொடங்கி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கிறது. அதே ஆண்டின் வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கைக்கு இலக்கு பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடு. வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களுக்குச் சோதனை மையத் திட்டம். மின்சார வான் டாக்சி செய்ய ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த நிறுவனம் ஒன்று.

இயந்திரத்தோடு நமக்குப் பகை இல்லை. 'இனிவரும் உலகம்' தந்த பெரியாரைப் படித்தவர்களுக்கு ஆகாயப் பயணம் அதிசயமும் இல்லை. நம் கேள்வி மண்ணைப் பற்றியது.

குரோம்பேட்டையும் வல்லம் வடகாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாத நிலம். இயக்கங்களின் கணக்கில் 12 லட்சம் ஏக்கர். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஆட்சிகள் மாறின, குழுக்கள் போட்டார்கள். நிலம் வரவில்லை.

ட்ரோனுக்குக் கைவந்த வேலையே நில அளவைதான். வரப்பு, வேலி, மதில் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் படமாகிவிடும். ஆனால் மேலிருந்து பார்த்தால் வேலி தெரியும், உரிமை தெரியாது. 1980களில் யூ.டி.ஆர். பதிவேடுகள் எழுதியபோதுதான் பல புல எண்களில் பஞ்சமி என்ற குறிப்பே காணாமல் போனது என்பது நில மீட்புப் போராளிகள் ஓயாமல் சொல்லும் குற்றச்சாட்டு. அப்படியானால் அதற்கு முந்தைய பதிவேட்டையும் ட்ரோன் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊர்வாரியாக இணையத்தில் போடுங்கள். யார் மதில் யார் நிலத்தில் நிற்கிறது என்று ஊரே பார்க்கட்டும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நிலம் கையில் இல்லாதவருக்குச் சுடுகாட்டுப் பாதையும் இல்லை. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சாதி இந்துக்களின் நிலம் வழியே போக முடியாமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வான்வழிப் போக்குவரத்தில் நம் மக்களுக்கு இதுவரை கிடைத்த பங்கு அதுதான்.

கழகம் தன் ட்ரோனைக் காரணையிலிருந்தே தொடங்கலாம். குரோம்பேட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.