இரு நாட்டுப் பிரஜைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து கறுப்புப் பெண்கள் பலர் சமீப காலமாக வேறு நாடுகளுக்குக் குடிபோய்க் கொண்டிருக்கிறார்கள். சிலர் கானாவுக்கும், சிலர் போர்ச்சுகலுக்கும், சிலர் மெக்ஸிக்கோவுக்கும் போகிறார்கள். போவதோடு நில்லாமல், முடிந்தவர்கள் அந்தந்த நாட்டின் பிரஜா உரிமையையும் கேட்டு வாங்குகிறார்கள். அதே சமயத்தில் அமெரிக்கப் பிரஜா உரிமையையும் விடமாட்டோம் என்கிறார்கள். இதைக் கண்டு, "பிறந்த நாட்டைக் கைவிடுவது துரோகமல்லவா? போவதுதான் போகிறார்கள், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எதற்காக இரண்டையும் பிடித்துக் கொள்ள வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, அந்த நாடு இந்தப் பெண்களுக்கு எப்போது நாடாயிற்று என்று பார்ப்போம். 1846-ஆம் வருஷத்தில் செயிண்ட் லூயி என்னும் ஊரில் ஹாரியட் ஸ்காட் என்ற அடிமைப் பெண், தனக்கு விடுதலை வேண்டுமென்று தன் பேராலேயே கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அவள் புருஷன் டிரெட் ஸ்காட்டும் ஒரு வழக்குப் போட்டான். பிறகு இரண்டையும் ஒன்றாக்கிப் புருஷன் பேரிலேயே நடத்தினார்கள். அதனால் சரித்திரத்தில் அவன் பேர் நின்றது. அவள் பேர் போயிற்று. பதினொரு வருஷம் இழுத்தடித்த பிறகு 1857-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு என்னவென்றால், அடிமையானாலும் சரி, விடுதலை பெற்றவனானாலும் சரி, கறுப்பன் அமெரிக்கப் பிரஜையே ஆகமாட்டான் என்பதுதான். ஒரு பெரிய உள்நாட்டு யுத்தம் நடந்து, லட்சக்கணக்கான பேர் செத்த பிறகே, 1868-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அவர்களைப் பிரஜைகளாக்கினார்கள். இரண்டரை நூற்றாண்டு காலம் கூலியில்லாமல் வேலை வாங்கிக் கொண்டு, "நீ இந்த நாட்டானல்ல" என்று சொன்னவர்கள், இன்று நாட்டுப்பற்று எங்கே என்று கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது?

இது கறுப்பருக்கு நேர்ந்த கதி. பெண் என்பதற்காக நேர்ந்த கதி வேறு இருக்கிறது. 1907-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி ஓர் அமெரிக்கப் பெண் அன்னிய நாட்டானைக் கலியாணம் செய்துகொண்டால் அந்த க்ஷணமே அவளுடைய பிரஜா உரிமை போய்விடும். புருஷனுடைய நாடே பெண்ஜாதியின் நாடு! ஆண் எவளைக் கட்டிக் கொண்டாலும் அவனுக்கு ஒன்றும் போகாது. 1922-ல் இதை மாற்றினார்கள். அப்போதும், ஆசியாக்காரனைக் கட்டிக் கொண்டவளுக்கு மாத்திரம் இந்தத் தண்டனையை 1931 வரையில் வைத்திருந்தார்கள். (நம் நாட்டார் ஒருவர், "நான் மேல்ஜாதி ஆரியன், ஆகையால் நானும் வெள்ளையனே" என்று அந்தச் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடி, 1923-ல் "நீ வெள்ளையனல்ல" என்று தீர்ப்பு வாங்கிக் கொண்டு வந்ததை இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறோம். மேல்ஜாதித்தனம் கடல் தாண்டிச் செல்லவில்லை.) இன்றைக்குங்கூட உலகத்தில் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில், தகப்பனைப்போல் தாய் தன் பிரஜா உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

நிற்க, இரண்டு உரிமையும் எதற்காக என்பதற்கு வருவோம். ஹாரியட் வழக்குப் போட்ட அதே செயிண்ட் லூயியில் 1906-ல் பிறந்தவர் ஜோஸஃபின் பேக்கர். சிறு வயதில் வெள்ளையர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். 1925-ல் பாரிஸுக்குப் போய் நாட்டியக்காரியாகப் பெரும் புகழ் பெற்றார். 1937-ல் ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்து பிரெஞ்சுப் பிரஜையானார். அமெரிக்கப் பிரஜா உரிமை போயிற்று. ஹிட்லர் பிரான்ஸைப் பிடித்த காலத்தில், பாட்டுக் காகிதங்களில் மறைமையால் இரகசியச் செய்திகளை எழுதிக் கடத்தி, அந்த நாட்டின் பட்டாளப் பதக்கமும் பெற்றார். அப்பேர்ப்பட்டவர் 1951-ல் நியூயார்க்கில் ஒரு பெரிய கிளப்பில் உட்கார்ந்து, கேட்ட சாப்பாடு வரவில்லை, காரணம் என் தோல்தான் என்று புகார் செய்தார். அதற்குப் பிரதியாக அவரைக் கம்யூனிஸ்டு என்று தூற்றினார்கள். பிறந்த ஊருக்கு வருவதற்கு விசாவுக்காக அரசாங்கத்தாரின் தயவை எதிர்பார்த்து நிற்கும்படி ஆயிற்று. 1963-ல் வாஷிங்டனில் லட்சக்கணக்கானவர்கள் கூடிய உரிமைப் பேரணியில் பிரெஞ்சுப் பட்டாள உடுப்போடு அவர் பேசினார். சொந்த ஊரில் அன்னியராக நின்றுதான் பேசினார்.

இன்னொருவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாட் தீவில் 1915-ல் பிறந்து, 1924-ல் நியூயார்க்குக்கு வந்தவர். தாயார் தையல் தொழிலாளி; உழைத்தே சீக்கிரம் செத்தார். கிளாடியா கம்யூனிஸ்டாகி, கறுப்புத் தொழிலாளிப் பெண்களுக்காக எழுதியும் பேசியும் வந்தார். பிரஜா உரிமை கேட்டார், கொடுக்கவில்லை. ஜெயிலில் போட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த நாட்டிலிருந்து 1955-ல் கப்பலேற்றி விட்டார்கள். லண்டனுக்குப் போய் அங்கே மேற்கிந்தியத் தீவு மக்களுக்காகப் பத்திரிகை நடத்தி 1964-ல் மாண்டார். ஒருவருக்கு இருந்த உரிமை பறிபோயிற்று. மற்றவருக்குக் கடைசி வரையில் கிடைக்கவேயில்லை. இவர்களுடைய கதையைத் தெரிந்து கொண்ட பெண், ஒரே ஒரு காகிதத்தை நம்பி வாழலாமா?

1967-ல்தான் இந்த விஷயத்தில் ஒரு வழி பிறந்தது. இஸ்ரேலில் ஓட்டுப் போட்ட குற்றத்துக்காகப் பிரஜா உரிமை இழந்த அஃப்ரோயிம் என்ற யூதர் தொடுத்த வழக்கில், தானாக விட்டாலன்றி ஒருவனுடைய பிரஜா உரிமையை அரசாங்கம் பறிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது பேரில் ஐந்து பேர் ஓட்டால் தீர்ப்பளித்தது. இன்று கறுப்புப் பெண்கள் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக் கொள்வது அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தின் பலன்தான்.

ஏன் போகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு மாத்திரம் சொல்லுகிறோம். 2023-ல் அமெரிக்காவில் லட்சம் பிரசவத்துக்குக் கறுப்புத் தாய்மார் 50.3 பேரும், வெள்ளைத் தாய்மார் 14.5 பேரும் செத்திருக்கிறார்கள். படிப்பும் பணமும் இருந்தால் இந்த ஆபத்து இல்லை என்பதற்கில்லை. உலகப் பிரசித்தி பெற்ற டென்னிஸ்காரி ஸெரீனா வில்லியம்ஸே 2017-ல் பிள்ளை பெற்ற பிறகு, தன் நுரையீரலில் இரத்தம் கட்டியிருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்காரரிடம் மன்றாட வேண்டியிருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: கானாவில் பிரசவ மரணம் அமெரிக்காவைவிடப் பல மடங்கு அதிகம். ஆகையால் அங்கே போகிறவள் நல்ல ஆஸ்பத்திரி தேடிப் போகவில்லை. கடைக்குள் நுழைந்தால் திருடியோ என்று பின்னால் ஆள் வராத ஓர் ஊரைத் தேடிப் போகிறாள்.

கானா அரசாங்கத்தார் 2000-த்தில் இரட்டைப் பிரஜா உரிமைக்குச் சட்டம் செய்தார்கள். வர்ஜீனியாவில் முதல் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்ட 1619-க்கு நானூறு வருஷம் ஆனதையொட்டி, 2019-ல் "திரும்பி வாருங்கள்" என்று அழைத்து, அந்த வருஷமே 126 பேருக்கும், 2024 நவம்பரில் 524 பேருக்கும் பிரஜா உரிமை கொடுத்தார்கள். பெனின் நாடும் 2024-ல், அடிமையாக விற்கப்பட்டவர்களின் சந்ததியாருக்கென்று ஒரு சட்டம் செய்தது. நல்ல காரியம். அந்தக் கரையிலிருந்த தஹோமி ராஜாக்களே ஆட்களைப் பிடித்து விற்றவர்களாதலால், கொடுக்க வேண்டிய கடனுங்கூட. ஆனால் சந்ததி என்பதற்கு ருஜு கேட்கிறார்கள். பத்திரம், சாட்சி, இல்லாவிட்டால் மரபணுச் சோதனை. அடிமைகளின் பேரை எழுதி வைத்தவன் யார்? விடுதலையான மக்களின் பேர்கள் அமெரிக்க ஜனக் கணக்கில் ஏறியதே 1870-ல்தான். களவு கொடுத்தவனிடம் ரசீது கேட்பது போலிருக்கிறது. இரத்தத்தைச் சோதித்து உரிமை கொடுப்பது நமக்குக் கோத்திரம் விசாரிக்கும் வேலையாகவே தோன்றுகிறது. மனிதன் வந்து வாழ்ந்தால் போதாதா?

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டதாலேயே எல்லாரும் சமமாகிவிடுவதில்லை. அமெரிக்காவிலிருந்து 1820-களில் போய்க் குடியேறி, 1847-ல் லைபீரியா என்று தனி நாடு கண்ட கறுப்பு மக்கள், அங்கே பூர்வீகமாக இருந்தவர்களுக்கு 1904 வரையில் பிரஜா உரிமை கொடுக்கவில்லை. அடிமையாக இருந்தவரின் பிள்ளைகளே மேல்ஜாதியானார்கள். இன்று டாலரோடு அக்ராவில் இறங்குகிறவர்கள் அந்த ஊர்க் கூலிக்காரியை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நாம் கவனித்துக் கொண்டுதான் இருப்போம். போக வண்டிச் சத்தமில்லாமல் அமெரிக்காவிலேயே கிடக்கும் கறுப்புப் பெண்களே பெருந்தொகையினர் என்பதையும் அவர்கள் மறக்கக் கூடாது.

அதனாலேயே பழைய உரிமையை விடக்கூடாது என்கிறோம். அமெரிக்கப் பிரஜை எந்தத் தேசத்திலிருந்தாலும் அந்த அரசாங்கத்துக்கு வருமானக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். கணக்குக் கேட்கிறவனிடம் உரிமையும் கேட்கலாம். தெற்கே கறுப்பு மக்களுக்கு ஓட்டு என்பது 1965-ல் அடிபட்டு, உயிர் கொடுத்து மீட்டது. அந்த ஓட்டை அக்ராவில் இருந்துகொண்டே தபாலில் போட 1986-ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை எதற்காக விட்டுக் கொடுக்க வேண்டும்?