'தென்படவில்லை' வேறு, 'இல்லை' வேறு

"அறுவைக்கு முன் எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே, அதில் என்ன நட்டம்?" இவ்வாண்டு புனேயில் இந்த வாக்கியத்தை மருத்துவர்களிடமும், நன்கு படித்த என் பல்கலைக்கழக நண்பர்களிடமும் கேட்டுச் சலித்துவிட்டேன். நட்டம் உண்டு.

கட்கியில் வசிக்கும் என் அத்தைக்கு மூக்கோரத்தில் மிளகளவு கட்டி. திசுச்சோதனை அதைப் பேசல் செல் புற்று என்றது. தோல் புற்றுகளிலேயே சாதுவானது இது. பிற உறுப்புகளுக்குப் பரவுவது நூற்றில் ஒருவருக்குக்கூட நிகழ்வதில்லை. வெட்டியெடுத்து விளிம்புகளைச் சோதித்தால் போதும். ஆயினும் முழுவுடல் பெட்-சி.டி. எடுக்கச் சொன்னார்கள். மார்பில் ஒரு நிணநீர்க்கணு ஒளிர்ந்தது. பிறகு அதற்கோர் ஊசிச் சோதனை, ஏழு வாரக் காத்திருப்பு, வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை. முடிவில் அது காசநோய் தந்த அழற்சி. இத்தனைக்கும் அத்தையின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

இதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. பெட் ஸ்கேன் புற்றைக் காண்பதில்லை. உட்செலுத்திய கதிரியக்கச் சர்க்கரையை எத்திசு மிகுதியாக உறிஞ்சுகிறது என்பதையே காண்கிறது. அழற்சியுற்ற திசுவும் உறிஞ்சும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்பங்கினர் வாழும் நாட்டில், காரணமின்றித் தேடினால் இத்தகைய ஒளிர்வுகள் அகப்படவே செய்யும்.

மெலனோமா அப்படிச் சாதுவன்றே என்பீர்கள். உண்மைதான், நம்மவர்க்கு அது உள்ளங்காலில் தோன்றிக் கவனிக்கப்படாமலே வளர்வதும் உண்டு. ஆனால் தொடக்கநிலையில், கணுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும் படிவை ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடுகிறது. கட்டியின் நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை அறுவையின்போதே எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதுதான் அதைக் காட்டித்தரும். கதிரியலாளர் 'பரவல் தென்படவில்லை' என்று கவனமாகத்தான் எழுதுகிறார். நோயாளியின் காதை எட்டுவதற்குள் அது 'பரவல் இல்லை' ஆகிவிடுகிறது. முன்னது கருவியின் எல்லையைப் பற்றிய கூற்று. பின்னது உடலைப் பற்றியது. மொழியியல் முதலாண்டு மாணவர் இவ்விரண்டையும் குழப்பினால் மதிப்பெண் குறைப்போம்.

1945இல் கானோல்கரும் சூரியாபாயும் வேட்டி இறுக்கும் இடுப்பில் தோன்றும் தோல் புற்றை விவரித்தபோது சி.டி.யே பிறந்திருக்கவில்லை. அக்காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. கணு விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, முகம் மரத்தாலோ, கட்டி எலும்பையோ கண்குழியையோ எட்டியிருக்கக்கூடும் என்றாலோ ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அங்கே அதன் விடை அறுவைத் திட்டத்தையே மாற்றும்.

அத்தைக்காக நான் கேட்டதும் அதைத்தான்: "இதில் என்ன தெரிந்தால் அறுவையில் எதை மாற்றுவீர்கள், டாக்டர்?" "ஒரு நிம்மதிக்குத்தானம்மா" என்றார்.

மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு மறுப்பிருந்தால் எழுதுங்கள், கற்றுக்கொள்கிறேன். 'எதற்கும் இருக்கட்டும்' என்பதை மட்டும் வாதமென்று கொண்டுவராதீர்கள்.