நூறு பீஸ் செட் வேண்டாம், பத்து நல்ல டூல்ஸ் போதும்

 

தைப்பூசம் நெருங்கிவிட்டால் காவடி கட்டுகிற வீடுகளில் காரை வெளியே விட்டுவிட்டு போர்ச்சில் வேலையை ஆரம்பித்து விடுவார்கள். அந்த நேரத்தில் எங்கள் தொண்டர் குழுவிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, வீட்டுல வச்சிக்க ஒரு டூல்ஸ் செட் வாங்கணும், எது நல்லாருக்கும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லாம இங்கயே எழுதிடறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல எங்க கருத்தைச் சொல்லிடறோம். பசார் மாலாமிலும் ஆன்லைனிலும் ஐம்பது வெள்ளிக்கு விற்கிற நூறு பீஸ் பெட்டியை வாங்காதீங்க. அதே காசுக்கு நல்ல டூல் இரண்டோ மூன்றோ வாங்குங்க. மிச்சத்தை மாசம் ஒண்ணா சேர்த்துக்கலாம்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட்டு. நீங்கள் ஜென்மத்துக்கும் தொடப் போவதில்லை. மிச்சம் இருக்கிற ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் பளபளன்னு இருக்கும், ஆனா உள்ளே இரும்பு மெத்து. இறுக்கமான நட்டில் போட்டு அழுத்தினால் ஸ்பேனர் வாய் விரியும். வாய் விரிந்தால் நட்டு மூலை மழுங்கும். மூலை மழுங்கிய நட்டை முழுசாக இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஸ்பேனர் வழுக்கினால் உங்கள் விரல் முட்டி போய் இடிக்கும். மலிவான டூலுக்கு நாம கொடுக்கிற விலை கடையில கொடுக்கிற காசு மட்டும் இல்ல.

காவடி விஷயத்தில் இது இன்னும் பெரிய பேச்சு. சில வருசத்துக்கு முன்பு ஒரு பக்தரின் காவடி பாதி வழியில் ஆட ஆரம்பித்தது. இடுப்புப் பட்டைக்கு மேலே இருந்த ஒரு நட்டு தளர்ந்து போயிருந்தது. எங்கள் தம்பிகள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். கழற்றிப் பார்த்தால் அந்த நட்டுக்கு மூலையே இல்லை, உருண்டையாக இருந்தது. கட்டியவர் இறுக்கிட்டோம்னுதான் நினைச்சிருப்பார். ஸ்பேனர் வழுக்கினதால அவருக்கு அது தெரியல. முருகன் அருளால் யாருக்கும் அடி இல்லை. ஆனா பத்துமலையில 272 படி ஏறுற உடம்பு மேல அந்தச் சட்டம் உக்காந்திருக்குன்னு நினைச்சுப் பாருங்க. விரதம் இருந்து உடம்பைச் சுத்தமா வச்சிக்கிறோம். அந்த உடம்பு சுமக்கப் போற நட்டையும் அதே அக்கறையோட இறுக்கணும் இல்லையா?

சரி, என்ன வாங்கலாம்? எங்கள் கணக்கில் பத்து போதும்.

1. காம்பினேஷன் ஸ்பேனர், 8 முதல் 19 எம்.எம். வரை. ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் வளையம். நட்டு இறுக்க எப்போதும் வளையத்தைப் பயன்படுத்துங்கள், அதுதான் சுற்றிப் பிடிக்கும். ஹார்ட்வேர் கடை போல்ட்டுக்கு அதிகம் தேவைப்படுவது 10, 13, 17, 19. ஜப்பான் கார்களுக்கும் பெரோடுவா மாதிரி ஜப்பான் டிசைனில் வந்த கார்களுக்கும் 10, 12, 14, 17. அதனால் 12, 14 இல்லாத செட்டை வாங்காதீர்கள். 10-ம் 13-ம் இரண்டிரண்டு வேண்டும். போல்ட்டுத் தலையை ஒன்று பிடிக்கணும், நட்டை இன்னொன்று திருப்பணும். (10 எம்.எம். மட்டும் எப்பவும் காணாமப் போகும், அது எந்த வீட்டு சாபம்னு தெரியல!)

2. ராட்செட்டும் சாக்கெட்டும். ஆறு மூலை சாக்கெட் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் மாட்ட சுலபம், ஆனால் நட்டு மூலையில் மட்டும் அழுத்துவதால் சீக்கிரம் மழுக்கிவிடும். பளபளப்பான சாக்கெட்டை இம்பேக்ட் கன்னில் போடாதீர்கள், வெடித்துச் சிதறலாம். அதற்கென்று கறுப்பு நிற சாக்கெட் தனியாக உண்டு.

3. ஸ்க்ரூ டிரைவர். தட்டை ஒன்று, பிளஸ் 2-ஆம் நம்பர் ஒன்று. உங்களிடம் ஹோண்டா ஈஎக்ஸ்5 மாதிரி ஜப்பான் மோட்டார் இருந்தால் கவனம். அதன் பிளஸ் ஸ்க்ரூ பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் அளவு ஜப்பான் முறை. தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண டிரைவர் அதில் மேலே ஏறி வந்து ஸ்க்ரூவைக் கெடுக்கும். ஜப்பான் டிரைவர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. கரண்ட் வேலைக்கு இன்சுலேஷன் டிரைவர். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் அதில் அடித்திருக்கும். இந்த வகை டூல்ஸை 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் விற்க வேண்டும் என்பது விதி. பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கிறதெல்லாம் இன்சுலேஷன் இல்லீங்க. இது இருந்தாலும் மெயினை அடைத்துவிட்டுத்தான் தொடணும். கோயில் சீரியல் பல்பு வேலைக்கும் இதே சட்டம்தான். புது ஒயரிங் வேலையென்றால் லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

5. பிளையர் ஒன்று, வெட்டுகிற கட்டர் ஒன்று.

6. அட்ஜஸ்டபல் ஸ்பேனர், 8 அங்குலம் அல்லது 10 அங்குலம். நகராத தாடை மேல் பாரம் விழுகிற மாதிரி வைத்து, உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளாதீர்கள். வழுக்கினால் தள்ளுகிற கைதான் போய் இடிக்கும்.

7. ஆலன் கீ செட்.

8. சுத்தியல், அரை கிலோ அளவில். சுத்தியலை சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டும் கெட்டி இரும்பு, சில்லு தெறித்துக் கண்ணில் போகும்.

9. ஹேக்சா. குழாய், அலுமினியம் வெட்ட அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு சரி. ரொம்ப மெல்லிய தகடு என்றால் 32 பல். வெட்டுகிற இடத்தில் மூன்று பல்லாவது படணும் என்பது கணக்கு. பல் முன்பக்கம் பார்க்க மாட்டணும்.

10. அளவு டேப். நுனிக் கொக்கி லேசாக ஆடும். அது பழுது இல்லை, உள் அளவும் வெளி அளவும் சரியா வரணும்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. தட்டி இறுக்கிடாதீங்க.

கடையில் எப்படிப் பார்ப்பது? சட்டைப் பையில் 10 எம்.எம். போல்ட்டு ஒன்றும் 13 எம்.எம். போல்ட்டு ஒன்றும் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் வைத்துவிட்டு வாங்க. பிளையரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள், வெட்டுகிற இடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது. அட்ஜஸ்டபலின் தாடையை விரலால் ஆட்டுங்கள், அதிகம் ஆடினால் வேண்டாம். குரோம் வெனடியம் என்று அடித்திருந்தால் மட்டும் நம்பாதீர்கள், அந்த எழுத்தை யாரும் அடிக்கலாம். ஸ்பேனர் மேல் கம்பெனி பெயரே இல்லையென்றால், செய்தவனே அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கலன்னு அர்த்தம்.

எந்த பிராண்ட் என்று கேட்பீர்கள். தைவானில் செய்கிற கிங் டோனி, டாப்டுல் வீட்டு வேலைக்குத் தாராளம். ஜப்பானில் கேடிசி, கோக்கென், ஸ்க்ரூ டிரைவருக்கு வெசல். பிளையருக்கு ஜெர்மனியின் நிப்பெக்ஸ். விலை கூடத்தான், ஆனால் பிள்ளைகள் காலம் வரை வரும். நல்ல பிராண்ட் ஆன்லைனில் கால் விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பழக்கமான ஹார்ட்வேர் கடை தவுக்கேயிடம் வாங்கினால், சரியில்லை என்றால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

"எங்ககிட்ட அவ்ளோ காசு இல்லண்ணே"ன்னு சிலர் சொல்வாங்க. நியாயம்தான். காசு குறைவா இருக்கிறவங்கதான் மலிவு டூலை வாங்கவே கூடாதுன்னு நாங்க சொல்றோம். வசதி உள்ளவருக்கு உடைந்தால் இன்னொன்று. இல்லாதவருக்கு அதே பொருளை இரண்டு தரம் வாங்குவது கஷ்டம். அவசரம் என்றால் கோயில் டூல்ஸ் இரவலாகத் தருகிறோம், புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போங்க. அண்ணன் தம்பி மூணு வீடு சேர்ந்து ஒரு சாக்கெட் செட் வாங்கினாலும் தப்பில்லை.

இங்கே ஒரு மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதை, வாய் விரிந்த ஸ்பேனரை, கைப்பிடி ஆடுகிற சுத்தியலைக் கோயில் ஸ்டோரில் கொண்டு வந்து வைத்துவிட்டு "உபயம்" என்கிறார்கள். நல்ல மனசோடதான் தர்றாங்க, அது தெரியும். ஆனா அர்ச்சனைத் தட்டுல அழுகின பழம் வைப்போமா? அந்த சுத்தியலைத்தான் பந்தல் போடும்போது ஒரு பையன் ஏணி மேல் நின்று வீசப் போகிறான். தலை கழன்றால் கீழே நிற்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். பழசு பத்து வேண்டாம். புதுசா நல்லது ஒண்ணு கொடுங்க, அது தேருக்கும் உதவும், பந்தலுக்கும் உதவும்.

வாங்கினால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நம்ம ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் இரும்பு ஒரு வாரத்தில் நிறம் மாறும். வேலை முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைக்கிறோம், ரொம்ப நல்லது. மறுநாள் அதைத் துடைத்து எடுத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் அப்படியே காய்ந்தால் அடியில் துரு பிடிக்கும். வருசத்துல ஒரு நாள் பொட்டு வச்சு, மிச்ச நாளெல்லாம் மழையில போட்டா அது பூஜை ஆகாது.

எங்களில் பலர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். அங்கே ஒரு பழக்கம்: பலகையில் ஒவ்வொரு டூலின் உருவத்தையும் வரைந்து, அதன் மேலேயே மாட்டி வைப்பார்கள். ஓர் இடம் காலியாக இருந்தால் மெஷினை ஓட்ட மாட்டார்கள், உள்ளே மாட்டியிருக்கலாம் என்பதால். போர்ச் சுவரில் ஒரு பிளைவுட் துண்டு அடித்து நீங்களும் செய்யலாம். இந்த வருசம் கோயில் ஸ்டோரிலும் அப்படிச் செய்யப் போகிறோம். டூல்ஸ் எண்ணி முடிக்காமல் தேர் நகரக் கூடாது.

கடைசியாக ஒன்று. காவடிக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள், ஆட்டத்தில் சாதாரண நட்டு மாதிரி தளராது. போன வருச நட்டைத் திரும்பப் போடாதீர்கள், காசுக் கணக்கில்தான் விலை. கட்டி முடித்ததும் தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு காலையில் கோயிலுக்குக் கொண்டு வாங்க. எல்லா நட்டையும் ஒரு தடவை பார்த்துத் தருகிறோம். காசு எதுவும் வேண்டாம்.

முருகனுக்கு அரோகரா.