பிரேக்கில் சிக்கனம் கூடாது

மகன் பத்தாம் வகுப்பில் தேறினால் சைக்கிள் வாங்கித் தருவதாகத் தகப்பனார் வாக்குக் கொடுப்பது பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் சகஜம். தகப்பனார் பல ஆண்டுகள் மிதித்தது கறுப்பு வர்ணமும் கம்பி பிரேக்கும் கொண்ட சைக்கிள். மகன் கேட்பதோ தடித்த டயரும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கும், இரு சக்கரங்களிலும் பளபளக்கும் டிஸ்க்கும் கொண்ட 'மௌண்டன் பைக்'. காலம் மாறும்போது வண்டியும் மாறுவதில் தவறில்லை. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் வர்ணத்தையும் கியரின் எண்ணிக்கையையும் விசாரிப்பவர்கள், வண்டி எப்படி நிற்கும் என்று விசாரிப்பதில்லை. ஓடாத வண்டியால் பணம் மட்டுமே நஷ்டம். நிற்காத வண்டியால் உயிருக்கே ஆபத்து.

டிஸ்க் எல்லாம் ஒன்றல்ல

டிஸ்க் பிரேக்கின் நன்மையை மறுப்பதற்கில்லை. பழைய சைக்கிளில் ரப்பர் கட்டை சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கிறது. மழையில் ரிம் நனைந்துவிட்டால், அதிலும் இரும்பு ரிம்மாக இருந்தால், பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். டிஸ்க் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் சேறும் நீரும் அதைக் குறைவாகவே தொடும். ரிம் சற்று வளைந்திருந்தாலும் பிரேக்குக்குக் கேடில்லை.

எனினும் 'டிஸ்க்' என்று கடைக்காரர் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வயரால் இழுக்கப்படுவது. மற்றது எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக். விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது முதல் வகை. அதில் வயர் துருப்பிடிக்கும், தளரும். அடிக்கடி முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் விரல் ஒன்றை வைத்து அழுத்தினாலே போதும். பிரேக் பேட் தேயத் தேய அது தானே நெருங்கி வரும். இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தோன்றும். லீவரிலிருந்து இறங்குவது வயரா, எண்ணெய்க் குழாயா என்று பார்த்துத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பழைய வண்டியில் பொருத்தலாமா?

இருக்கிற சைக்கிளிலேயே ஹைட்ராலிக் செட் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று எண்ணுவோர் பலர். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பரைப் பொருத்துவதற்கான இடம் தயாரிப்பிலேயே அமைந்திருக்க வேண்டும். சக்கரத்தின் ஹப்பும் டிஸ்க்கை ஏற்பதாக இருக்க வேண்டும். ஆறு போல்ட்டில் மாட்டும் டிஸ்க்கும் உண்டு, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் டிஸ்க்கும் உண்டு, ஒன்றுக்கானது மற்றதில் சேராது. டிஸ்க்கின் அளவு 160 மில்லிமீட்டரா, 180 மில்லிமீட்டரா என்பதற்கேற்ப இடையில் வைக்கும் அடாப்டரும் மாறும்.

இந்த வசதிகள் இல்லாத வண்டியில், பட்டறையில் ஒரு துண்டு இரும்பைப் பற்றவைத்துக் காலிப்பரை மாட்டிவிடலாம் என்ற எண்ணம் பீனியாவில் வெல்டிங் தெரிந்த தொழிலாளிக்குத் தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தை அவர் கைவிட வேண்டும். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது அதன் வேகமெல்லாம் ஃபோர்க்கின் இடது காலில் காலிப்பர் இருக்கும் இடத்தில் இறங்குகிறது. அதற்கென்று செய்யப்படாத ஃபோர்க் அதைத் தாங்காது. ஃபோர்க் முறிந்தால் வண்டியில் இருப்பவன் தலைகுப்புற விழுவான்.

கூலியில் பேரம்

ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வேலை செய்பவருக்குச் சொல்லத் தேவையில்லை: குழாயில் காற்று புகுந்தால் அழுத்தம் வராது. சைக்கிளுக்கும் அதே விதிதான். குழாயை வெட்டிப் பொருத்தியபின் காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும். எண்ணெயிலும் இரு வகை. ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், வேறு சிலவற்றுக்கு மோட்டார் வண்டிகளில் ஊற்றும் டாட் திரவம். ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் பயனற்றுப் போகும். டிஸ்க் இல்லாமல் லீவரை அழுத்தவும் கூடாது. பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முன் பிரேக் ஓட்டுபவனுக்குப் பழகிய கைக்கே வரும்படி மாட்டுவதும் முக்கியம். மாறிவிட்டால் அவசரத்தில் கை ஏமாற்றிவிடும்.

இத்தனையும் அறிந்து செய்யும் மெக்கானிக்கின் வேலை நுட்பமான வேலை. ஆயினும் பாகங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், மாட்டுக்கூலி என்றதும் பேரம் பேசுகிறார். தம் ஓவர்டைம் கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மேஸ்திரியிடம் கேட்பவர், இன்னொரு தொழிலாளியின் கூலியைக் குறைப்பது நியாயமல்ல. குறைந்த கூலிக்கு அவசர வேலைதான் கிடைக்கும்.

ஆயுத பூஜை எண்ணெய்

மாட்டியபின் பேணுவதிலும் கவனம் வேண்டும். ஆயுத பூஜையன்று சைக்கிளைக் கழுவி, எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் இடுவது நெடுநாள் வழக்கம். வழக்கம் நல்லதே, ஆனால் டிஸ்க்கில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிரேக் கீச்சிட்டு வழுக்கத் தொடங்கும். எண்ணெய் ஊறிய பேடை மாற்றுவதே நல்லது. பொட்டு ஹாண்டில்பாரோடு நிற்கட்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போதும் துணியால் டிஸ்க்கை மூட வேண்டும். புதுப் பேடுகளை மலையிறக்கத்தில் சோதிக்காமல், சமதரையில் பலமுறை மெல்லப் பிடித்து விட்டுப் பழக்கிய பிறகே வேகம் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஹைட்ராலிக் அவசியமா என்றால், இல்லை. சமமான சாலையில் நாள்தோறும் ஆலைக்கோ அலுவலகத்துக்கோ செல்பவருக்கு அலுமினிய ரிம்மும் நல்ல வி-பிரேக்கும் போதும். மலிவான வயர் டிஸ்க்கைவிட அது மேல். ஞாயிற்றுக்கிழமையில் 1,478 மீட்டர் உயர நந்தி மலையிலிருந்து இறங்கும் வாலிபனுக்கோ, மழையிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டுபவருக்கோ ஹைட்ராலிக்குக்குச் செலவிடும் பணம் வீணாகாது. ஆனால் பிரேக் பலமாக இருக்கிறதென்று வேகத்தைக் கூட்டினால் பயனில்லை. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். அல்லது இணைப்பு பிரேக் கட்டாயமாயிற்று. சைக்கிளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. பொறுப்பு வாங்குபவரைச் சேர்ந்தது. ஆகவே கடையை விட்டு வெளியே வருமுன் தகப்பனாரே லீவரை அழுத்திச் சிறிது நேரம் பிடித்துப் பார்க்கட்டும். கல்போல நின்றால் சரி. பஞ்சுபோல அமுங்கினாலோ, மெல்ல உள்ளே போனாலோ, வண்டியை அங்கேயே விட்டு, சரி செய்த பிறகே மகன் கையில் கொடுக்கட்டும்.