குதிரை மேல் கட்டிய பணம்

1956-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. இங்கிலாந்தில், லிவர்பூல் நகரை ஒட்டிய எயின்ட்ரீ பந்தயத் திடல்.

ராஜமாதா எலிசபெத்தின் குதிரை "டெவன் லாக்" முதலில் வந்துகொண்டிருந்தது. எல்லாத் தடைகளையும் தாண்டிவிட்டது. எல்லைக் கம்பம் இதோ, கூப்பிடு தூரம்! ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

திடீரென்று குதிரை கால்களைப் பரப்பிக்கொண்டு, வயிறு தரையில் படச் சரிந்தது. அங்கே தாண்ட வேலியும் இல்லை, மோத இன்னொரு குதிரையும் இல்லை. பின்னால் வந்த "ஈ.எஸ்.பி." ஜெயித்துவிட்டது. டெவன் லாக் ஏன் விழுந்தது என்று இன்றுவரை அடித்துச் சொல்பவர் இல்லை.

இதுதான் "கிராண்ட் நேஷனல்". 1839-ம் ஆண்டில் "லாட்டரி" என்ற குதிரை இதில் ஜெயித்தது. என்ன பொருத்தமான பெயர்! ஆண்டுதோறும் நடக்கும் மூன்று நாள் திருவிழாவில் இதுவே கடைசி நாளின் பெரிய பந்தயம். சுமார் 7 கிலோமீட்டர் ஓட்டம், 30 தாண்டல். முன்பு 40 குதிரைகள் வரை ஓடின. 2024 முதல் 34 தான்.

ஈயம் செய்யும் வேலை

இந்தப் பந்தயத்தில் 1843 முதல் ஒரு விதி உண்டு. நல்ல குதிரைக்கு அதிகப் பளு, சுமாரான குதிரைக்குக் குறைந்த பளு. ஜாக்கியின் எடை போதாவிட்டால், சேணத்தில் ஈயத் தகடு செருகி ஈடுகட்டுவார்கள். எடையை நிர்ணயிக்கும் அதிகாரியின் ஆசையெல்லாம், அத்தனை குதிரைகளும் ஒரே வரிசையில் வந்து முடிய வேண்டும் என்பதே.

1973-ல் என்ன நடந்தது? "கிரிஸ்ப்" என்ற குதிரை கடைசித் தடையைத் தாண்டும்போது 15 குதிரை நீளம் முன்னால் இருந்தது. ஆனால் "ரெட் ரம்" குதிரையை விட 23 பவுண்டு, அதாவது பத்து கிலோவுக்கு மேல், அதிகம் சுமந்தது. கால் தளர்ந்தது. முக்கால் நீளத்தில் தோற்றது. நல்ல குதிரை என்பதற்குக் கிடைத்த தண்டனை அது!

யாருக்கும் தெரியக் கூடாது என்றே ஏற்பாடு செய்த பந்தயத்தில், "எனக்குத் தெரியும்" என்று டிப்ஸ் கொடுப்பவரை என்னவென்பது?

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் நம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. உண்மைதான். ரெட் ரம் மூன்று முறை ஜெயித்தது குருட்டு அதிர்ஷ்டத்தால் அல்ல. ஆனால் அந்தத் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் உரியது. பணம் கட்டியவர் அதில் பங்கு கேட்பது வேடிக்கை.

1967-ல் 23-வது தடையில், ஜாக்கியைத் தள்ளிவிட்டு ஓடிய குதிரை ஒன்று குறுக்கே பாய்ந்தது. குதிரைகள் ஒன்றன் மேல் ஒன்று முட்டி நின்றன. வெகு பின்னால் வந்த "ஃபொய்னாவன்" மட்டும் இடைவெளி பார்த்துத் தாண்டிப் போய் ஜெயித்தது! ஒன்றுக்கு நூறு கிடைத்தது. அதன் பயிற்சியாளரே அன்று வேறு ஊர்ப் பந்தயத்தில் இருந்தார். இதை எந்தத் திறமைசாலி முன்கூட்டிச் சொல்லியிருப்பார்?

லாபம் யாருக்கு?

புக்கிக்குத்தான். எப்படி?

"ஒன்றுக்குப் பத்து" என்றால், 11 தடவையில் ஒரு தடவை அந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பொருள். எந்தக் குதிரை வந்தாலும் 100 பவுண்டு கையில் வர வேண்டும் என்று, எல்லாக் குதிரைகள் மேலும் கணக்குப் பார்த்துக் கட்டிப் பாருங்கள். 100 பவுண்டுக்கு மேல் செலவாகிவிடும். அந்த அதிகப்படிதான் புக்கியின் கூலி. "வின்" கட்டினாலும், "பிளேஸ்" சேர்த்துக் கட்டினாலும் கூலி போவது போவதுதான்.

இந்த ஒரு நாளில், மற்ற நாட்களில் பந்தயம் பக்கமே போகாத குடும்பத்தினரும் பணம் கட்டுகிறார்கள். பிடித்த பெயர், பிடித்த நிறம் என்று குதிரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பவுண்டு போனால் குடி முழுகாது. கஷ்டம் அடுத்த வாரம் தொடங்குகிறது. சனிக்கிழமை ஜெயித்தவர், தமக்குக் கை ராசி என்று நம்பிவிடுகிறார். 1961-ல் அங்கே தெருக் கடைகளில் பந்தயம் கட்டச் சட்டம் இடம் கொடுத்தது. அப்போது கடைக்கு நடக்கவாவது வேண்டியிருந்தது. இப்போது கைப்பேசியே கடை. சம்பளப் பணம் வீடு வந்து சேருமுன் கரைந்தால், மனைவிக்குத் தெரிவது எப்படி?

அங்கே ஆபீஸ்களில் இன்னொரு பழக்கம் உண்டு. குதிரைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு, ஆளுக்கு ஒரு சீட்டு. 34 பவுண்டும் ஜெயித்த சீட்டுக்காரருக்கே. டிப்ஸும் இல்லை, புக்கியும் இல்லை. மறு நாள் அந்தத் தொப்பி வெறும் தொப்பியாக ஆணியில் தொங்கும்.