பேசாத வீடு

"அந்த வீட்டில் சண்டை என்ற பேச்சே கிடையாது, ஒரு சத்தம் தெருவுக்கு வராது" என்று சில குடும்பங்களைப் பற்றிப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. சம்பந்தம் பேசும்போது இதையே ஒரு நற்சாட்சிப் பத்திரமாக நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் இல்லாதது சண்டையா, அல்லது பேச்சா?

ஊற்றுமலை ஜமீன் அரண்மனையால் பெயர் பெற்ற வீரகேரளம்புதூரிலோ, அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் சாரல் விழும் மாதம். மருமகள் பெண் குழந்தை பெற்று இரண்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு மளமளவென்று பீடி சுற்றியவள், இப்போது வெட்டிய இலையைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. சோற்றில் ருசி தெரிவதில்லை. "என்னமோ, மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா" என்கிறாள் மாமியார். "இவளுக்கு இங்கே என்ன குறை?" என்று எண்ணிய கணவன், எல்லோரும் படுத்த பிறகே வீடு திரும்புகிறான். யாரும் யாரையும் ஏசவில்லை. தெருவுக்குச் சத்தமும் வரவில்லை. ஆயினும், அந்தப் பெண்ணைப் பிடித்திருப்பது சோம்பலும் அல்ல, செருக்கும் அல்ல. மனச்சோர்வு என்னும் வியாதியாக இருக்கக்கூடும்.

இது கற்பனை வீடுதான். ஆனால் இத்தகைய வீடுகள் உண்மையில் உண்டு என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வேலூருக்கு அருகிலுள்ள கிராமங்களில் கர்ப்பிணிகள் 359 பேரைப் பிரசவத்துக்கு முன்பே சந்தித்து, பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடியும் போய் விசாரித்தார்கள். அவர்களில் 100-க்கு 11 பேர் வீதம் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். காரணங்களாகத் தென்பட்டவை எவை? வருமானக் குறைவு ஒன்று. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது ஒன்று. மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை ஆகியவை மற்றவை. அதே ஆண்டில் கோவாவிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும், வறுமையையும் கணவனோடு நல்லுறவு இல்லாமையையும் பிரசவித்த தாய்மாரின் மனச்சோர்வுக்குக் காரணங்களாகக் காட்டிற்று.

இந்தப் பட்டியலை நேயர்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் வைத்தியரின் மருந்துப் பெட்டிக்குள் அடங்குவது எது? பெரும்பாலானவை வீட்டாரின் கையிலும் நாவிலும் அல்லவா இருக்கின்றன!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதியன்று. லண்டன் நகரின் காம்பர்வெல் பகுதி ஸ்திரீகளை ஆராய்ந்து, பிரௌன், ஹாரிஸ் என்ற இருவர் 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெருந்துன்பம் நேரும்போது, மனம் விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாதவர்களே மனச்சோர்வில் எளிதில் விழுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த காட்மன் என்ற மனோதத்துவ அறிஞரின் முடிவு இன்னும் வியப்பானது. சண்டை போடுவதால் மட்டும் விவாகம் முறிவதில்லையாம். ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பேசுவதும், பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமே முறிவுக்கு அடையாளங்களாம். நிலைத்து நிற்கும் தம்பதிகளிடமும் வாக்குவாதம் உண்டு; ஆனால் அதன் நடுவிலும் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து இன்சொல் என்ற கணக்கில் அன்பு தலைகாட்டுகிறதாம்.

மனச்சோர்வும் மனக்கசப்பும் செக்குமாட்டைப் போல ஒரே வட்டத்தில் சுற்றுபவை. கசப்பினால் சோர்வு வருகிறது. சோர்ந்தவள் பேசுவதில்லை, பேசாதவளிடம் கணவனுக்குக் கோபம், கோபத்தினால் மேலும் கசப்பு. ஆண்களுக்கும் இதே கதிதான். அவர்களுடைய சோர்வு பல சமயம் எரிச்சலாகவும் குடியாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வருவதால், அதை வியாதி என்று யாரும் கண்டுகொள்வதில்லை.

வட்டத்தை எங்கே அறுப்பது? "உனக்கு என்ன குறை?" என்று கேட்பதை முதலில் விட்டுவிடலாம். அது கேள்வியன்று, தீர்ப்பு. "நேற்று ராத்திரி தூங்கினாயா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை குறுக்கே பேசாமல் இருக்கலாம். இரவில் ஒரு தடவை குழந்தையைக் கணவன் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மாமியார் ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீங்காவிட்டால் வைத்தியரிடம் அழைத்துச் செல்வது அவசியம். உயிரை வெறுத்து ஒரு வார்த்தை சொன்னாலோ, ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. 2022-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அடி உதை இருக்கும் வீட்டுக்கு மேற்சொன்ன யோசனைகள் பொருந்தா. அங்கே பெண்ணுக்கு வேண்டியது உபதேசம் அன்று, பாதுகாப்பு. அதற்கென்றே 2005-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

"கொஞ்சம் பொறுத்துப் போ, அம்மா" என்று பெண்ணுக்குச் சொல்லி அனுப்புவது நம் வழக்கம். பொறுமை சிறந்த குணந்தான். ஆனால் அதை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றினால் அது சுமையாகிவிடும். இனி மகளை அனுப்பும்போது, "மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடு, கேட்க நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லி அனுப்புவோமாக. மாப்பிள்ளைக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும், "அவள் சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். சீர்வரிசைப் பட்டியலில் இவ்விரண்டு வார்த்தைகளுக்கும் செலவே கிடையாது.